எட்டு இல்லை அக்கா, மூன்றுதான்

என் பிரியமான அக்காவுக்கு,

நீங்கள் போன பிறகு ஒரு தீபாவளி வந்து போய்விட்டது. அடுத்த சீசனுக்கான லோடு வர ஆரம்பித்துவிட்டது. நம் பழைய பேப்பர் குடோனில் இப்போது நான் மட்டும்தான் கட்டுகளைப் பிரிக்கிறேன். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த நாம் இருவரும் அடுப்படியில் சண்டை போட்டதே இல்லை. உங்களுக்குச் சண்டை போட வேறு ஆள் இருந்தார், இல்லையா?

வெடிக்குக் குழாய் சுருட்டப் போகிற காகிதத்திலிருந்து, வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்துக்குப் போன பட்டாளக்காரர்களின் கடித உறைகளை நீங்கள் பொறுக்கி எடுப்பீர்கள். பல உறைகளில் தபால்தலை இருக்காது. முத்திரையில் ஊர்ப்பெயருக்குப் பதிலாகப் பட்டாளத் தபால் நிலையத்தின் எண் இருக்கும். ஓரத்தில், கடிதத்தைப் படித்துப் பார்த்து அனுப்பிய அதிகாரியின் கையெழுத்து. "நம்பரும் தேதியும் தெரிஞ்சாத்தான் ஆளு எங்கன நின்னான்னு தெரியும் சாந்தி. அதுக்கு முன்னால வெல பேசக்கூடாது" என்பீர்கள்.

'இருக்கன்குடி போற பாதை, வேப்பமரத்து வீடு' என்று முகவரி எழுதிய அந்த உறை ஒன்று போதாதா உங்கள் சண்டைக்கு? எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் மை கசிந்திருந்தது. நீங்கள் எட்டு என்றீர்கள். மதுரையிலிருந்து உறை வாங்க வரும் தாமோதரன் அண்ணாச்சி மூன்று என்றார்.

"மூணுதாம்மா. மை கசிஞ்சு எட்டாத் தெரியுது."

"உங்க கண்ணாடிதான் கசிஞ்சிருக்கு அண்ணாச்சி. தொடச்சிட்டுப் பாருங்க."

அவரும் துடைத்துவிட்டுப் பார்த்து, மறுபடி மூன்று என்பார். எட்டு என்றால் சண்டை நடந்த காட்டுக்குள் கொஞ்ச காலமே இருந்த தபால் நிலையம். அங்கிருந்து வந்த உறைகள் அபூர்வம், நல்ல விலை. மூன்று என்றால் நிறையக் கிடைக்கிற சாதாரண உறை. ஆனால் நீங்கள் விலைக்காகப் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவர் போன பிறகு அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு, "பாவம், எந்தக் காட்டுல கெடந்தானோ" என்பீர்கள்.

போன மாதம் உங்கள் கவிதா வந்தாள். சூலக்கரையில் வேலை கிடைத்து அங்கேயே வீடு பார்த்திருக்கிறாள். "இந்த உறையெல்லாம் பூச்சி அரிச்சுப் போயிரும் சித்தி. தெரிஞ்சவுக கையில குடுத்துருவோம்" என்றாள். அண்ணாச்சிக்குச் சொல்லியனுப்பினோம். அவர் என்ன பதில் சொல்லியனுப்பினார் தெரியுமா? "அக்கா எட்டுன்னாக. இல்லைங்கதுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்ல. எட்டுன்னே வெல போடுதேன்."

அவர் வருவதற்கு முன்தினம் லோடு பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டின் நடுவிலிருந்து ஓர் உறை விழுந்தது. முகவரியில் அதே கையெழுத்து. அதே வேப்பமரத்து வீடு. வட்ட முத்திரை அச்சுக் குத்தினாற்போல் தெளிவாக இருந்தது. மூன்று, அக்கா.

பக்கத்தில் யாரும் இல்லை. எம். புதுப்பட்டிக்குக் குழாய் சுருட்டப் போகிற கட்டு எதிரேயே கிடந்தது. அதற்குள் செருகிவிட்டால் குழாயாகி வெடித்துப் போயிருக்கும். நீங்கள் ஜெயித்திருப்பீர்கள், கவிதாவுக்கும் கூடுதலாகக் கிடைத்திருக்கும். செருகியும்விட்டேன். ஆனால் கை வேலைக்குப் போகவில்லை. புதிதாக முத்திரை குத்தி ஒரு பொய் உறையைக் கொண்டுவந்த ஆளை நீங்கள் வாசலோடு விரட்டியது நினைவுக்கு வந்தது. "பட்டாளத்தான் நின்ன எடத்த மாத்திச் சொல்ல நாம யாரு?" என்று அன்றைக்கு முழுக்கப் பொருமினீர்கள். கட்டைப் பிரித்து உறையை வெளியே எடுத்தேன்.

மறுநாள் இரண்டையும் அண்ணாச்சி முன்னால் வைத்தேன். லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்து, இரண்டு முத்திரை வட்டத்திலும் ஒரே இடத்தில் ஒரே உடைசல் இருப்பதைக் காட்டினார். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. "ஜெயிச்சு என்ன செய்ய? ஒத்துக்கமாட்டேன்னு சொல்ல அக்கா இல்லையே" என்றார்.

கவிதாவுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப அம்மா சொன்னது தப்பா மாமா?"

"நம்பர் தப்புதான் தாயி. ஆனா இந்த மூணு எங்கன இருந்துச்சு தெரியுமா? சண்டைக்கு ரொம்பப் பின்னால, சாமான் கெடங்கு இருந்த முகாம்ல. ரெண்டாவது உறை தேதி பிந்துனது. அதுவரைக்கும் அவுக அங்கனயேதான் இருந்திருக்காக. காட்டுப் பக்கம் போகல."

கவிதா அழுதுவிட்டாள். நானும்தான். இத்தனை வருஷம் அந்தப் பட்டாளக்காரரை நினைத்து நீங்கள் பட்ட கவலை வீண் கவலை, அக்கா. அவர் நிழலில் உட்கார்ந்துதான் வீட்டுக்கு எழுதியிருக்கிறார். இந்தச் சேதி தெரிந்திருந்தால், தோற்றதைக்கூடக் கொண்டாடியிருக்க மாட்டீர்களா?

மற்ற உறைகளை அண்ணாச்சி நியாயமான விலைக்கு எடுத்துக்கொண்டார். இந்த இரண்டையும் கவிதா கொடுக்கவில்லை. "சித்தி, இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

அந்தப் பட்டாளக்காரர் ஊர் திரும்பினாரா என்று இன்னும் தெரியாது. இனி வருகிற எந்தக் கட்டையும் பிரித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்றமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கொழுந்தன் பெண்டாட்டி, உங்களுக்குத் தங்கச்சி,
சாந்தி