வாடிய ஆண் பூக்கள்

மார்ச் 3
ஆறாம் பிளாக்கில் இன்று இறக்கிய குலைகளில் பாதிக்குப் பாதி பொக்கு. வெளியே பேருக்கு நாலு பழம், உள்ளே பிடிக்காமல் கருத்த காய்கள். எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் பன்னிரண்டு வருடமாக சூப்பர்வைசர் நான், இப்படிப் பார்த்ததில்லை. மேனேஜர் ஒரு குலையைக் காலால் உருட்டினார். "பூத்திருக்கு, ஆனா வண்டு வரல. யாரு மருந்தடிச்சது?" எல்லோரும் என் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். நானும்தான்.

மார்ச் 4
மாப்பிள்ளை என்றால் தங்கை கணவன். ஏழு மாதம் முன்பு இலைப்புழுவுக்கு ஆறாம் பிளாக்கில் மருந்தடித்தவன் அவன்தான். அளவைக் கூட்டி ஊற்றி, பூவுக்கு மகரந்தம் கொண்டுவரும் மூக்குவண்டுகளையும் கொன்றுவிட்டான் என்று பேச்சு.

"அளந்துதான் ஊத்துனேன் மச்சான், என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

"நானாய்யா உன் பக்கத்துல நின்னேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

பதினாலாம் தேதி விசாரணை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போய்விடும். தங்கை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 7
ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் ஆட்கள் 'வண்டம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மலர்ந்த ஆண் பூவில் விரல் போல ஒன்றை ஒடித்து என் மூக்கருகே நீட்டினார். சோம்பு டப்பாவைத் திறந்த மாதிரி வாசனை. இவ்வளவு நாளாக யாரோ பக்கத்தில் சோம்பு மெல்லுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்! தோட்டத்தையே கரைத்துக் குடித்தவன் போல என் பேச்சு வேறு.

"வண்டுக்குச் சோறும் வீடும் ஆண் பூதான். பெண் பூவும் கிட்டத்தட்ட இதே வாசனைய விடும், ஆனா லேசா, விட்டு விட்டு. ஆண் பூன்னு நம்பி வண்டு அங்க போகும். திங்க ஒண்ணும் இருக்காது, திரும்பிரும். அதுக்குள்ள உடம்புல ஒட்டின மகரந்தம் அங்க உதிர்ந்துரும்."

"ஏமாத்தியே காய் பிடிக்க வெச்சுருதே!" என்றான் ஒருவன். சிரித்தோம். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

மார்ச் 8
வண்டம்மா ஆறாம் பிளாக்கில் ஒரு பெண் பூவைப் பையால் மூடி, குழாய் வைத்துக் காற்றை இழுத்துச் சோதித்தார். "வாசனையில ஒரு குறையும் இல்ல. பூ கூப்பிடுது, வர்றதுக்குத்தான் ஆளில்லை." அங்கே நாங்கள் எண்ணியது பன்னிரண்டு வண்டு. ஒன்பதாம் பிளாக்கில் எண்ணி மாளவில்லை.

மார்ச் 10
ஒன்பதாம் பிளாக்கில் பழுப்பாகக் காய்ந்த ஓர் ஆண் பூவை வண்டம்மா பிளந்து காட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு.

"பூ வாடினாலும் வேலை முடியல. குஞ்செல்லாம் இதுக்குள்ளதான் வளரும்." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க பிளாக்ல வாடின ஆண் பூ ஒண்ணுகூடக் கண்ணுல படலையே?"

"தானா விழுந்திருக்குங்க." வாய் முந்திக்கொண்டது.

விழவில்லை. போன ஜூலையில் பெரிய அதிகாரிகள் தோட்டம் பார்க்க வந்தார்கள். காய்ந்த பூக்கள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று வெட்டி எரிக்கச் சொன்னேன். 'சுத்தமான பிளாக்' என்று பாராட்டினார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு அறுவடைச் சுற்றிலும் வெட்டு, எரி. வெட்டிய ஆட்களுக்குப் பூவை எரித்ததையும் வண்டு குறைந்ததையும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றித் தொலைக்கிறது.

மார்ச் 11
சொல்லவில்லை.

மார்ச் 12
தங்கை வீட்டுக்குப் போனேன். பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விசாரணையே இன்னும் நடக்கல, அதுக்குள்ள எதுக்கும்மா?"

"கடைசி நேரத்துல ஓட முடியாதுண்ணா."

தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன். மருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம் இல்லையா? இருக்கலாம்— அட போடா. யாருக்கு இந்தக் கதை? அந்தப் பூவாவது ஏமாத்தினா காய் பிடிக்குது. நீ ஏமாத்தி என்னடா பிடிக்கப்போகுது? உன் கூடப்பிறந்தவ நடுத்தெருவுல நிப்பா, அவ்வளவுதான்.

மார்ச் 14
மேனேஜர் வேலைநீக்கக் காகிதத்தைத் தயாராகவே வைத்திருந்தார். மாப்பிள்ளை கையில் பேனா. நான் எழுந்தேன்.

"அவன் மேல தப்பில்லைங்க. வாடின ஆண் பூவையெல்லாம் வெட்டி எரிக்கச் சொன்னது நான்."

"எத்தனை மாசமா?"

"எட்டு."

வண்டம்மா நிமிர்ந்தார். "அன்னைக்கே கேட்டேனே?"

"பொய் சொன்னேங்க."

மாப்பிள்ளை பேனாவை மேஜையில் வைத்தான். முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். யாரோ புது ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான். வெளியே வந்தபோது அவன் எனக்காக நிற்கவில்லை.

மார்ச் 17
சூப்பர்வைசர் வேலை போயிற்று. நாளையிலிருந்து நான் வெட்டு ஆள். என் இடத்தில் மாப்பிள்ளை. ஒன்பதாம் பிளாக்கிலிருந்து வாடிய ஆண் பூக்களைக் கொண்டுவந்து ஆறாம் பிளாக்கில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். தங்கை பெட்டிகளைப் பிரித்துவிட்டாளாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மே 2
காலையில் ஆறாம் பிளாக். ஒரு பெண் பூ இன்றுதான் விரிந்திருந்தது. நிற்கும்போதே திடீரென்று லேசான சோம்பு வாசம். சட்டென்று எங்கிருந்தோ வண்டுகள் வந்து அப்பின, தேடின, ஒன்றும் இல்லாமல் பறந்தன. நேரம் போனதே தெரியவில்லை. பக்கத்து மரத்தில் மட்டையை வெட்ட அரிவாளை ஓங்கினேன். அதை ஒட்டி ஒரு வாடிய ஆண் பூ.

"பார்த்து வெட்டுங்க. அந்தப் பூ மேல படக் கூடாது," என்றான் மாப்பிள்ளை, பின்னாலிருந்து.

"சரிங்க."

இத்தனை வருடத்தில் நான் அவனுக்கு 'ங்க' போட்டது இதுதான் முதல் தடவை. ஆட்கள் சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவனும் என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை.