திங்கட்கிழமை வந்து பதில் எழுதுகிறேன்

ஜூலை 3, வியாழன்

பேக்கிங்கில் பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி கூப்பிடுகிறார் என்றார்கள். கையில் பசையோடு அப்படியே ஆபீசுக்குப் போனேன்.

சிவகாசியிலிருந்து ஹரிபிரசாத் வந்திருந்தார். கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பார்ப்பவர். செல்வியின் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டிருந்தார். போன வாரம் கம்ப்யூட்டர் கெட்டுப்போய் எல்லாம் அழிந்துவிட்டது. அதிலிருந்து கம்பெனி மெயிலுக்குள் யாராலும் போக முடியவில்லை. ஆர்டருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று கம்பெனி பேரில் முகவரி போட்டு வைத்ததே என் மகள் செல்விதான். சாவிச்சொல் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"குருவம்மா, இங்கன வா. இதைப் பாரு" என்றார் முதலாளி. ஹரி தன் போனிலிருந்து செல்விக்கு ஒரு மெயில் அனுப்பினார். கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அந்தச் சின்ன எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அவர் வாசித்தார்.

"வணக்கம். நான் இன்று விடுப்பில் இருக்கிறேன். திங்கட்கிழமை வந்து பதில் எழுதுகிறேன். மாரிசெல்வி."

"லீவு போடும்போது வச்சுட்டுப் போயிருக்காங்கக்கா. அதுவாப் போகும். பயப்படாதீக."

"கட்டாக்கு ஏஜென்ட் போன் போட்டு, எந்தத் திங்கட்கிழமைன்னு கேக்கான்" என்றார் முதலாளி. "நான் என்னத்தைச் சொல்ல?"

அவள் லீவு போட்டது ஜூன் ஆறு, வெள்ளிக்கிழமை. விருதுநகரில் சிநேகிதி கல்யாணம். ஆமத்தூர் விலக்கில் திரும்பும்போது லாரி.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து கேட்டைப் பார்த்துக்கொண்டே ஒட்டினேன். பன்னிரண்டு பெட்டி கோணலாகப் போய்விட்டது.

ஜூலை 9, புதன்

ஹரி மறுபடியும் வந்தார். எல்லா முகவரிக்கும் மேலே ஒரு பக்கம் இருக்கிறதாம். அதற்குள் போய்விட்டால் யாருடையதையும் மாற்றலாம், அழிக்கலாம். ஆனால் உள்ளே போக ஓடிபி வேண்டும். அது செல்வி நம்பருக்குத்தான் போகும்.

"அந்த போன் எங்கக்கா இருக்கு?"

"அவகிட்டதான் இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்யாணம் ஆகாத பிள்ளையை நாங்கள் எரிப்பதில்லை. பிரியமாக வைத்திருந்ததைக் கூடவே வைத்துப் புதைப்போம். என் தம்பி முத்துக்கருப்பன் தாய்மாமன் சீராகப் பட்டுச்சேலை வைத்தான். நான் போனை வைத்தேன். முழுச் சார்ஜ் இருந்தது. அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதல் கூடை மண் விழும்போதுகூட அவள் கைக்குள்ளே வெளிச்சம் இருந்தது.

ஹரி பட்டனை அமுக்கினார். "அனுப்பப்பட்டது" என்று வந்தது.

அங்கனயா போயிருக்கும்?

ஜூலை 10, வியாழன்

செல்வி நம்பருக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆப் என்றது. ஒரு மாதம் ஆகிவிட்டது, பிறகு எப்படி இருக்கும். கிறுக்கு எனக்கு.

ஜூலை 12, சனி

நேற்றும் போட்டேன். இன்றும் போட்டேன். சுவிட்ச் ஆப்.

ஜூலை 14, திங்கள்

காலை ஒன்பது மணி. அவள் ஆபீசுக்குள் நுழையும் நேரம். போட்டேன்.

மணி அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. நான் காதில் வைத்தபடி பசைச் சட்டிப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கூடப் பெட்டி ஒட்டுகிற இசைவாணி வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன் மதினி, யாரு லைன்ல?" கட் பண்ணிவிட்டேன். மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆப்.

ஹரிக்குப் போன் செய்து கேட்டேன். "டவர் கோளாறுக்கா, சில நேரம் நமக்கு மட்டும் ரிங் போற மாதிரி கேக்கும்" என்றார். இருக்கும். ஆனால் டவருக்குத் திங்கட்கிழமை எது என்று எப்படித் தெரியும்?

ஜூலை 16, புதன்

முதலாளி உட்காரச் சொல்லிப் பேசினார். செல்வி காலேஜ் சேர்ந்தபோது பதினெட்டு ஆகவில்லை, அதனால் அந்த சிம்மை என் ஆதாரில்தான் வாங்கினோம். நான் போய்க் கைரேகை வைத்தால் அதே நம்பரில் புது சிம் தருவார்களாம். ஓடிபி அதற்கு வந்துவிடும்.

"பழைய சிம்மு?" என்று கேட்டேன்.

"அது செத்துரும்" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நாளைக்கு ஆடி பிறக்கிறது, ஆடியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் ஆடிப் பதினெட்டுக்குத்தான் இந்தப் பக்கம் எல்லாக் கம்பெனியும் பூஜை போட்டு அந்த வருசத்து விலைப் பட்டியலை அனுப்பும். எங்களுடையது அவள் மெயிலிலிருந்துதான் போக வேண்டும். ஏஜென்ட் முகவரி முந்நூற்றுச் சொச்சமும் அதற்குள்தான் இருக்கிறது. அது எனக்கும் தெரியாமல் இல்லை.

ஜூலை 21, திங்கள்

ஒன்பது மணி. மணி அடித்தது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

ஜூலை 24, வியாழன்

இன்று பேக்கிங் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆர்டர் இல்லை. எழுதுகிற ஆளுக்கெல்லாம் "திங்கட்கிழமை" என்று பதில் போனால் எத்தனை திங்கட்கிழமை காத்திருப்பான்? வேறு கம்பெனிக்குப் போகிறான்.

பஸ் ஸ்டாப்பில் இசைவாணி என்னோடு பேசவில்லை. ஏன்டி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க என்று நானே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எழுவது பொம்பளைக இன்னைக்கு வீட்டுக்குப் போறோம் மதினி. சீசன்ல! நீ ஒரு விரலை வச்சா முடிஞ்சுரும். செல்வியை நான் இடுப்புல தூக்கி வளத்தவதான். எனக்கு மட்டும் வயிறு எரியலையா? அவ வரமாட்டா. உனக்குத் தெரியும், வரமாட்டா. தெரிஞ்சுக்கிட்டே அம்புட்டுப் பேரையும் காக்க வச்சிருக்க."

ஆத்திரத்தில் நானும் வாய்க்கு வந்ததைப் பேசினேன். உன் மக உசுரோட இருக்கா, நீ பேசுவ என்றுகூடச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். எனக்கும் அதே பஸ்தான். அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

அவ வரலைன்னு ஊரே சொல்லுது. நானும்தான் மண்ணு போட்டேன். ஆனா எழுதுறவுகளுக்கெல்லாம் அவ ஒருத்திதானே வாரேன்னு சொல்லிக்கிட்டு இருக்கா? அதையும் நானே போயி நிப்பாட்டணுமா?

ஜூலை 28, திங்கள்

ஒன்பது மணி. மணி அடிப்பதை நாற்பது வரை எண்ணினேன். பிறகு மணி நின்றது. லைன் கட் ஆகவில்லை. அந்தப் பக்கம் யாரோ எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது மாதிரி. மூச்சுச் சத்தம்கூட இல்லை. சுத்தமாக ஒன்றுமே இல்லை.

நான்தான் பேசினேன். "செல்வி, நாளைக்குப் போயி ரேகை வைக்கப் போறேன்டி. வேணாம்னா இப்பவே சொல்லிரு."

எம்புட்டு நேரம் இருந்தேன் என்று தெரியாது. தானாகவே கட் ஆனது. மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆப்.

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

சிவகாசி சிம் கடை. ஹரி கூட வந்தார். பெருவிரலை வைத்தேன், மெஷின் ஏற்கவில்லை. அடுத்த விரல், அதுவும் இல்லை. இருபது வருசம் பசையும் வெடிமருந்தும் பட்டு ரேகை எல்லாம் தேய்ந்துவிட்டது என்றான் கடைக்காரன். "பட்டாசு ஆளுகளுக்கு எல்லாம் இப்படித்தான். நாளைக்கு எண்ணெய் தேச்சுட்டு வாங்கம்மா."

நாளைக்கு என்றால் நான் வரமாட்டேன். அது எனக்கே தெரியும். மறுபடி வை, மறுபடி வை என்றேன். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு. கடைசியில் இடது கைச் சுண்டுவிரலுக்குப் பச்சை எரிந்தது.

அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் செல்வி நடை பழகினாள். கடைக்காரனிடம் அதை எதற்குச் சொல்ல.

ஜூலை 30, புதன்

காலையில் புது சிம்முக்கு உயிர் வந்தது. என் பட்டன் போனில் போட்டேன். ஹரி ஆபீசில் அமுக்கினார், என் கையில் ஓடிபி வந்தது. ஆறு எண். நான்தான் வாசித்துச் சொன்னேன்.

திறந்துகொண்டது. முதலில் ஏஜென்ட் முகவரிகளை எல்லாம் வேறு இடத்தில் எடுத்து வைத்தார். பிறகு அந்த லீவு பதிலைத் தேடினார். தேடி எடுத்தவர் திரைக்குக் கிட்டே குனிந்து மறுபடி வாசித்தார்.

"என்ன தம்பி?"

"அக்கா, இதுல முடியுற தேதி போட்டுத்தான் வச்சிருக்காங்க. ஜூன் ஒம்போது, காலை ஒம்போது மணி. அதோட தானா நின்னுருக்கணும்." முதலாளியைப் பார்த்தார். "அதுக்கப்புறம் ஒண்ணுகூடப் போயிருக்கக் கூடாது, சார்."

ஐம்பது நாளில் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது! ஹரிக்கே என் கண் முன்னால் வந்ததே. ஏதாவது கோளாறாக இருக்கும் என்று இப்போது அவர் சொல்லவில்லை. முதலாளிதான் மெதுவாக, "அந்தப் பிள்ளை பேரை எடுத்துரு, ஹரி. அது போகட்டும். புதுசா ஆர்டருக்குன்னு பொதுப் பேரா ஒண்ணு போடு" என்றார்.

ஹரி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "நிச்சயமா அழிக்கவா?" என்று கம்ப்யூட்டரும் ஒருமுறை கேட்டதாம். ஹரியும் கேட்டாயிற்று, அதுவும் கேட்டாயிற்று. அழித்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

பூஜை. பொரி, வாழைப்பழம், பொங்கல். விலைப் பட்டியல் புது முகவரியிலிருந்து போனது. மத்தியானத்துக்குள் கட்டாக்கிலிருந்து பதில் வந்துவிட்டதாம்.

இசைவாணி என் இலையில் அவள் பங்குப் பொங்கலையும் வைத்தாள். "தின்னு மதினி. எலும்பும் தோலுமா ஆயிட்ட" என்றாள். தின்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒன்பது மணிக்குப் போன் போட முடியாது. அந்த நம்பர் இப்போது என் மடியில்தான் இருக்கிறது.

ஹரி ஆபீசில் இருந்தார். அழித்த முகவரிக்கு எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அப்படி ஒருத்தர் இங்க இல்லைன்னு திரும்பி வந்துரும்க்கா" என்றவர், தானே ஒன்று அனுப்பிக் காட்டினார். நான் மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தது. அப்படி ஒருத்தர் இல்லை.

"நான் ஒண்ணு எழுதட்டுமா?"

ஸ்டூலை விட்டு எழுந்தார். நான் செல்வி நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு எழுத்தாக எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தார். "சாப்பிட்டியாம்மா" என்று எழுத ரொம்ப நேரம் பிடித்தது. அனுப்பினோம்.

காத்திருந்தோம். டீ வந்தது, ஆறியது. திரும்பி வரவில்லை.

"வரணுமே" என்றார் ஹரி. முகவரியைச் சரி பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை தன்னுடையதை அனுப்பினார். உடனே திரும்பியது. என்னுடையது வரவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஓவர்டைம். இன்னும் வரவில்லை. எவ்வளவு தாமதம் ஆனாலும் ஐந்து நாளுக்குள் திரும்பிவிடும் என்று ஹரி சொல்லியிருந்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஏழு நாள் ஆகிவிட்டது. ஹரி போன் செய்தார். "அக்கா, அது எங்க போய் நிக்குதுன்னு மெயில் கம்பெனிக்காரங்ககிட்ட எழுதிக் கேட்டா, தேடிச் சொல்லிருவாங்க. கேக்கட்டுமா?"

"வேணாம் தம்பி. கேக்காதீக."

"இல்லக்கா, எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

"இருக்கட்டும். போய்ச் சேந்துருச்சுல்ல. விட்ருங்க."

போனை வைத்துவிட்டுச் சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இசைவாணி பஸ்ஸில் பக்கத்து இடத்தில் துண்டு போட்டு வைத்திருந்தாள்.