செருப்பு போட்டுக்கிட்டு வாங்க

மாமாவுக்கு,

வண்டியிலேர்ந்து விழுந்து செத்துப்போயிட்டானே நம்ம புள்ள, அந்தப் பாவம் தீரணும்னு காவி கட்டி, வெறுங்காலோட கடலூர்லேர்ந்து வேளாங்கண்ணிக்கு நடக்குறீங்க. வண்டி ஓட்டுனது நீங்க. மடியில வச்சிருந்தது நான். அப்ப நானும்தான் நடக்கணும். நடக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரி வாசல்லயே உங்கள மன்னிச்சிட்டேன். நீங்க கேக்கக்கூட இல்ல. ஆண்டவரும் அப்படித்தான் மன்னிக்கிறாரு. சிலுவையில அவரு பக்கத்துல தொங்குன கள்ளன் எந்தக் கோயிலுக்கு நடந்து பரலோகம் போனான்?

சும்மா குடுத்தத, கால் கொப்புளத்தக் காட்டி வாங்கப் பாக்காதீங்க. குடுத்தவங்களுக்கு அது அவமானம்.

இந்தக் கடுதாசியோட உங்க செருப்பையும் தம்பிகிட்ட குடுத்திருக்கேன். போட்டுக்கிட்டு சிதம்பரத்துலயே வீட்டுக்கு பஸ் ஏறுங்க. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. அவுங்களும் புள்ளையப் பறிகுடுத்தவங்கதான்.

சோறாக்கி வச்சிருக்கும்,
உங்க வீட்டுக்காரி