கொக்கி போடாத ஆயா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உனக்கு அவசரம், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதனால்தான் இந்தக் கடிதம். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய்விட்டது. சிரிக்காதே, எல்லாம் ஒரு டிவி சீரியலால் வந்த வினை. அவர் வீட்டில் உட்கார்ந்துதான் பார்ப்போம். அதில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிற ஆயா ஒருத்தி, கேட்டைச் சாத்தும்போது உள்ளே போன் அடிக்கிறது. எப்போதாவது கூப்பிடுகிற வெளிநாட்டு மகன். கொக்கியைப் போடாமல் ஓடிவிட்டாள். ஒரு குழந்தை தெருவுக்கு வந்து லாரிச் சக்கரத்தில் சிக்கப் பார்த்தது, கை முறிவோடு போயிற்று. இவளையெல்லாம் ஜெயில்ல போடணும்ணே என்றார் தையல்காரம்மா. நான் சும்மா இருந்திருக்கலாம், என் வாய் சும்மா இருக்குமா. தப்புதாம்மா, ஆனா அவ ஏன் ஓடினான்னு எனக்குப் புரியுது என்றேன். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, அப்போ உங்க பொண்ணு கூப்பிட்டா நீங்களும் இப்படித்தான் ஓடுவீங்களாண்ணே என்று கேட்டார். நான் எழுந்து மேலே வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து வாலு மேலே வருவதில்லை. வாலு என்றால் அவருடைய பேத்தி, மூன்று வயது, அவர் தைத்த துணிகளைக் கொடுக்கப் போகும்போதெல்லாம் என்னிடம்தான் இருப்பாள். என் பழைய விசிலை ஊதி, நாற்காலியை பஸ்ஸாக்கி, என்னை ஏற்றி இறக்குவாள். இப்போது அவர் ஒரு கையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாகப் போவதை ஜன்னலில் நின்று பார்க்கிறேன். முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படியில் கால் வைத்தவர் உள்ளே வரும்வரை விசில் கொடுக்காத கண்டக்டர் நான், என்னிடம் குழந்தையை விடப் பயமா என்று. பிறகு யோசித்தேன். போன முறை நீ கூப்பிட்டபோது அடுப்பில் பாத்திரம் கரிந்தது, நீ போனை வைத்த பிறகுதான் எனக்கு வாசனையே தெரிந்தது. அவர் பயந்ததில் தப்பில்லை. தனியாக இருக்கப் பழகிவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய்யம்மா, வீடு ரொம்ப வெறிச்சென்று இருக்கிறது. அந்த ஆயா செய்தது தப்புதான், கொக்கி போட எவ்வளவு நேரமாகும். ஆனால் தினமும் போன் அடிக்கிற வீட்டில் யாரும் அப்படி விழுந்தடித்துக்கொண்டு ஓடுவதில்லை. உன்னைக் குத்திக்காட்டவில்லை, உன் வேலை எனக்குத் தெரியும். இரவு ஷிப்ட் முடிந்த கையோடு வண்டியை எடுக்காதே, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு எடு.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். மறக்காமல் ஒன்று செய். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூப்பிடுவாய் என்று முடிவு செய்து எழுது. அந்த நேரத்தில் மட்டும் குழந்தையை விடாதீங்க என்று கீழே போய்ச் சொல்லப்போகிறேன். மற்ற நேரத்தில், வாலு என் வீட்டில் இருக்கும்போது போன் அடித்தால், அது நீயாகவே இருந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா