இடப்பக்கக் கதவு

சித்தூர்,
11-2-1960

திரு. சிட்டிபாபு அவர்களுக்கு,

திருப்பதியில் தாங்கள் நடத்தும் மோட்டார் பட்டறையில் என்னுடைய மாரிஸ் எட்டுக் குதிரைத்திறன் வண்டிக்கு நேர்ந்தவற்றைத் தேதிவாரியாகக் கீழே பதிவு செய்கிறேன். என் தங்கை தாட்சாயணியின் கணவர் என்பதற்காக எந்தச் சலுகையையும் எதிர்பார்க்க வேண்டாம்.

1. 20-1-1960. வண்டியை விடும்போதே என் கைப்பட எழுதிய குறிப்பைத் தங்களிடம் தந்தேன். பழைய பெயிண்டைத் தகடு தெரியும்வரை உரிக்க வேண்டும். உரித்த அன்றே ரெட் ஆக்ஸைடு பிரைமர் பூச வேண்டும். இடப்பக்கக் கதவை மட்டும் தொடக்கூடாது. கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

2. 26-1-1960. பானெட்டில் மருந்து தடவி, ஊறவைத்து, பொறுமையாகச் சுரண்டுவதாகச் சொன்னீர்கள். ஊதுவிளக்கை வைத்துப் பொசுக்கியிருக்கிறீர்கள். தகடு நடுவில் அப்பளம்போல் எழும்பி நிற்கிறது.

3. 29-1-1960 முதல் 4-2-1960 வரை. உரித்த தகடு ஆறு நாள் பனியில் நின்றது. ரத சப்தமியன்று சூரிய பகவான் தேரேறும் நாளில்தான் முதல் பூச்சு என்று தாங்கள் தீர்மானித்ததே காரணம். பனிக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

4. 4-2-1960. அன்றும் பூசவில்லை. வெறும் தகட்டில் மஞ்சள் நீர் தெளித்து, ஈரக் குங்குமத்தால் பொட்டிட்டு, தேங்காய் உடைத்து, அத்துடன் நிறுத்திவிட்டீர்கள். பொட்டு வைத்த இடமெல்லாம் இப்போது துரு. தேங்காய்த் தண்ணீர் வழிந்த கோடும் துரு.

5. 9-2-1960. நான் நேரில் வந்தபோது, வலப்பக்க மட்கார்டில் யாரோ வியர்வைக் கையை ஊன்றிய ஐந்து விரலும் துருவாகப் பதிந்திருக்கக் கண்டேன்.

6. அதே நாள். இடப்பக்கக் கதவு. உரிக்கப்பட்டிருந்தது.

முதல் ஐந்தும் தொழிற்பிழைகள். தட்டி நிமிர்த்தி, உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் போகும். ஆறாவது அப்படியல்ல.

அந்தக் கதவில் என்ன இருந்தது என்பது தங்களுக்குத் தெரியும். புத்தூர், நகரி, சத்தியவேடு வட்டாரங்களில் ஊர் ஊராகச் சென்று எல்லை மனுக்களில் கையொப்பம் வாங்கிய காலத்தில், "எம்மைக் கேளாமல் எல்லை வகுக்காதே" என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தோம். வண்டியை ஓட்டியவர் தாங்கள். 1957 ஏப்ரலில், தங்கள் பட்டறை வாசலில் வண்டி நின்றபோது, அந்த எழுத்தின்மேல் தார் பூசப்பட்டது. பாதி எழுத்தும் பாதி தாருமாக அதை மூன்று ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தேன்.

வரும் ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தெலுங்கு ராஜ்யத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தில் சேர்கிறது. நம் ஊர்கள் சேரவில்லை. திருத்தணி நண்பர்கள் ஊர்வலத்துக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். மாலையும் மேளமுமாக அவர்கள் நிற்கையில், புதுப் பெயிண்ட் பூசிய வண்டியில் அந்தப் பழைய கதவோடு நடுவில் போய் நிற்க எண்ணியிருந்தேன். கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களின் கதவையும் பார்க்கட்டும் என்று.

அதைத்தான் சுரண்டி எடுத்துவிட்டீர்கள். யார் சொல்லி, எதற்காக, எப்படி என்று எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
வே. கோவர்த்தனன், பி.ஏ., பி.எல்.

*

திருப்பதி,
15-2-60

மச்சானுக்கு சிட்டிபாபு வணக்கமா எழுதிக்கிறது.

இங்க நானும் தாட்சாயணியும் பசங்களும் சௌக்கியம். அங்க அண்ணி கமலம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்குது? மலையிலிருந்து லட்டு வந்துது, ஆள் வரும்போது குடுத்தனுப்பறேன்.

உங்க லெட்டர் வந்துது. கவருமேல "திரு. சிட்டிபாபு அவர்களுக்கு"ன்னு பார்த்துட்டு ஏதோ கோர்ட்டு நோட்டீசுன்னு தாட்சாயணி பயந்துபூட்டா. இருபத்திரண்டு வருசமா மாப்பிள்ளைன்னு எழுதின கை மச்சான் அது. சின்னவன் கேக்கறான், "நைனா, மாமா நம்மளுக்கு யாரு இப்போ?"ன்னு. நான் இன்னா சொல்லட்டும்?

பானெட்டு தப்பு நம்மளுது. டிங்கர் அடிச்சு சமம் பண்ணியாச்சு. துருவும் எடுத்தாச்சு. ஆனா ரத சப்தமிக்கு மட்டும் என்னைத் திட்டாதீங்க. ஏழு குதிரை பூட்டின தேர் கிளம்புற நாள்ல உங்க எட்டுக் குதிரை வண்டிக்குப் பூசை போட்டா ஒரு குதிரை லாபம்தானே! சிரிங்க மச்சான். அன்னிக்கு மலைக்கு வந்த கூட்டத்துல ரெண்டு பஸ்ஸு நின்னுபூட்டுது, எல்லாரும் அங்க ஓடினோம். அதான் பிரைமர் அடிக்கல.

கதவு சமாச்சாரம். அது கங்கையா செஞ்சது. நல்ல வேலைக்காரன், ஆனா தெலுங்குதான் படிப்பான். உங்க குறிப்பு தமிழ்ல இருந்துது. நான் ஊர்ல இல்ல. எல்லாத்தையும் உரிக்கிறாங்களே, இதையும் உரின்னு உரிச்சுட்டான். பாவம், அவனும் ரொம்பக் கஷ்டப்பட்டான். அந்தத் தார் லேசுல வந்துச்சான்னா இல்ல. ரெண்டு நாள் கெரசின் ஊத்தித் தேய்ச்சான், ஒரு சொட்டு கரையல. அப்புறம் காஸ்டிக் சோடா காய்ச்சி ஊத்தி, கொதிக்கக் கொதிக்கச் சுரண்டினான். கையெல்லாம் வெந்துபோச்சு.

போனது போகட்டும் மச்சான். ராஜ்யமே பிரிஞ்சுபோச்சு, எல்லாருக்கும் எல்லைக்கல்லு நட்டாச்சு. நாம இங்கதான் பொழைக்கணும். மேலுக்கு நல்ல கரும்பச்சை அடிச்சுக் குடுக்கறேன், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கே வாடகைக்குக் கேப்பாங்க.

உங்க மாப்பிள்ளை,
சிட்டிபாபு

*

சித்தூர்,
20-2-1960

திரு. சிட்டிபாபு அவர்களுக்கு,

தங்கள் 15-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. நகைச்சுவைக்கு நன்றி.

கங்கையாவுக்குத் தமிழ் படிக்க வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறிப்பை நான் கங்கையாவிடம் தரவில்லை. தங்களிடம் தந்தேன். தங்களுக்குப் படிக்க வரும். அந்த வெள்ளை எழுத்தில் ஒற்று விடுபட்டிருக்கிறது என்று சுட்டிக்காட்டியவரே தாங்கள்தான்.

ஆனால் தங்கள் கடிதத்தில் வேறொரு வாக்கியம் இருக்கிறது. இரண்டு நாள் கெரசின் ஊற்றியும் ஒரு சொட்டு கரையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று இவ்வூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் எத்திராஜிடம் விசாரித்தேன். அவர் சிரித்தார். "தாரா? கெரசின் துணியால துடைச்சா அரை மணியில வந்துடுமே சார். கெரசினுக்கு வராதது எனாமல். பஸ்ஸுக்கு அடியில, சேஸிஸுக்கு அடிப்பாங்களே கறுப்பு, அதுவா இருக்கும்" என்றார்.

வீடு திரும்பும் வழியில் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். எத்திராஜ் சொல்லித் தெரியவேண்டிய செய்தி அல்ல அது. சித்தூர் வெயிலில் தார் ரோடு செருப்பில் ஒட்டும். மூன்று கோடை அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன். என் வெள்ளை வேட்டி நூறு முறை அதில் உரசியிருக்கிறது. ஒரு நாளும் கறை படவில்லை. அது தார் அல்ல என்பதை என் வேட்டி அறிந்திருந்தது. நான் அறியவில்லை. அன்று நான் அதைக் கோபத்தோடு பார்த்தேனே தவிர, விரலால் தொட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் குற்றத்தை யார்மேல் சுமத்தினேன் என்பது தங்களுக்கு நினைவிருக்கும். ரங்கையா. தெலுங்கு வாத்தியார். சென்னைக் கல்லூரி விடுதியில் மூன்று ஆண்டு என்னோடு ஒரே அறையில் இருந்தவர். அன்று காலை தங்கள் பட்டறையில் நின்று, "கோவர்தன், இதே கதவுல நான் தெலுங்குல பதில் எழுதப் போறேன், இடம் விடு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மாலையில் கதவு கறுப்பாக இருந்தது. அவர் வேலை பார்த்த பள்ளியின் மேலிடத்துக்கு நான் புகார் எழுதினேன். அவரைத் தொலைவிலுள்ள குப்பம் ஊருக்கு மாற்றினார்கள். மூன்று ஆண்டுகளாக எங்களுக்குள் ஒரு சொல் இல்லை.

எனவே ஒரே ஒரு கேள்வி. சேஸிஸுக்கு அடிக்கும் கறுப்பு எனாமல், 1957 ஏப்ரலில், அந்தத் தெருவில் தங்கள் பட்டறையைத் தவிர வேறு எங்கே இருந்தது?

வே. கோவர்த்தனன்

*

திருப்பதி,
3-3-60

மச்சானுக்கு,

பத்து நாளா நாலு காயிதம் கிழிச்சுப் போட்டேன். உங்க லெட்டரை நான் பெட்டியில வெச்சிருந்தேன், தாட்சாயணி எடுத்துப் படிச்சுட்டா. படிச்சுட்டு சோறு போட்டா. நான் துன்ன ஆரம்பிச்சப்புறம் கேட்டா, "எங்க அண்ணன் கேக்குதே, அந்தக் கறுப்பு யார் டப்பா?"ன்னு. நான் சோத்தைப் பிசைஞ்சுக்கினே இருந்தேன். "மூணு வருசமா இந்தச் சோறு எப்படிய்யா உள்ள இறங்குச்சு?"ன்னா. அன்னியிலிருந்து என்கிட்ட பேசறது இல்ல. பசங்ககிட்ட சொல்லி அனுப்பறா, "உங்க நைனாவை எழுதச் சொல்லு"ன்னு.

எழுதறேன். நான்தான் மச்சான்.

அப்போ பஸ் முதலாளி ஒருத்தரு தன்னோட ஆறு பஸ்ஸையும் நம்ம பட்டறைக்கு விடறதா இருந்தாரு. அன்னிக்கு மத்தியானம் வந்தாரு, உங்க வண்டியைப் பார்த்தாரு. "ஏமய்யா, இது உன் பட்டறையா, உங்க மச்சானோட மேடையா? அந்த எழுத்து நிக்கிற வாசல்ல என் பஸ்ஸு நிக்காது"ன்னுட்டுப் போய்ட்டாரு. நீங்க உள்ள சாப்டு படுத்திருந்தீங்க. கையில பிரஷ் இருந்துது. பஸ் சேஸிஸுக்குக் கலக்கி வெச்ச கறுப்பு இருந்துது. நாலு இழுப்புதான். ஆறு பஸ்ஸும் அப்புறம் நம்மகிட்டயே வந்துது.

நீங்க எழுந்து வந்து "தார் பூசிட்டான், ரங்கையாதான்"னு கத்தினீங்க. நான் அந்தப் பேரைச் சொல்லல மச்சான். ஆனா இல்லைன்னும் சொல்லல.

இன்னொண்ணு இருக்குது. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. குப்பத்துக்குப் போறதுக்கு முன்னாடி ரங்கையா சார் பட்டறைக்கு வந்தாரு. வண்டி ரிப்பேருக்கு நின்னுக்கினு இருந்துது. கதவைத் தொட்டாரு. கட்டைவிரல் நகத்தால ஒரு கீறு கீறினாரு. மூக்குல வெச்சுப் பார்த்தாரு. அப்புறம் மூலையில இருந்த என் கறுப்பு டப்பாவைப் பார்த்தாரு. அவரு சொன்னது இவ்ளோதான்: "சிட்டிபாபு, நுவ்வேம் செப்பொத்து. எதுவும் சொல்லாதே. சொன்னா உன் பொண்டாட்டிக்கு அண்ணன் இருக்க மாட்டான். எனக்குப் போனது ஒரு சிநேகிதன்தான்." அவ்ளோதான். குடையை எடுத்துக்கினு போய்ட்டாரு.

இப்போ வண்டியை உரிக்க விட்டப்போ கங்கையா கேட்டான், "அண்ணா, இது நம்ம கறுப்பு மாதிரியே இருக்குதே?"ன்னு. பயந்துபூட்டேன். நீங்க ஊர்வலத்துல நிறுத்தினா இன்னொரு பட்டறைக்காரன் எவனாவது பார்த்துக் கண்டுபிடிச்சுடுவான்னு. உரின்னு நான்தான் சொன்னேன். கங்கையா மேல பழி போட்டதும் நான்தான்.

இதுக்கு மேல இன்னா எழுதறதுன்னு தெரியல. மறந்துடுங்கன்னு கேக்க வாய் வரல. ஆனா இது நம்ம வீட்டுக்குள்ள இருக்கட்டும் மச்சான். ரங்கையா சாரே சொல்ல வேணாம்னு சொல்லிட்டாரு.

சிட்டிபாபு

*

சித்தூர்,
14-3-1960

சிட்டிபாபு,

உங்கள் கடிதத்தை 5-ஆம் தேதி படித்தேன். அன்றே பதில் எழுதியிருந்தால் அதில் நான் வெட்கப்படும் சொற்கள் இருந்திருக்கும். ஒன்பது நாள் காத்திருந்தேன்.

முதல் கடிதத்தில் ஆறு குறைகளைப் பட்டியலிட்டேன். ஏழாவதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

7. 19-4-1957. "எம்மைக் கேளாமல் எல்லை வகுக்காதே" என்று கதவில் எழுதி ஊர் ஊராகச் சென்ற ஒருவன், ரங்கையா என்ற மனிதரை ஒரு வார்த்தை கேளாமல் அவர்மேல் தீர்ப்பு வகுத்தான். அவர் ஒரு நகக்கீறலில் கண்டுபிடித்த உண்மையை இவன் மூன்று ஆண்டு தொட்டுப் பார்க்கவில்லை. கறுப்புப் பூசியவர் தெலுங்கராகத்தான் இருப்பார் என்பது இவனுக்கு வசதியாக இருந்தது. குற்றவாளி: வே. கோவர்த்தனன்.

இந்த ஏழாவதற்குரிய தண்டனையை நானே ஏற்கிறேன். 7-ஆம் தேதி ரங்கையாவுக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். மூன்று ஆண்டுக்கு முன் நான் எழுதிய புகார் பொய் என்று அதே மேலிடத்துக்கு என் கையொப்பத்தோடு எழுதி, அதன் நகலையும் அவருக்கு இணைத்தேன். அவர் பெற்றுக்கொண்ட ரசீது வந்தது. பதில் வரவில்லை. எழுதாமலிருப்பது அவர் உரிமை. அந்த உரிமை உங்களுக்கு இல்லை.

நம் வீட்டுக்குள் இருக்கட்டும் என்கிறீர்கள். இருக்காது. அவர் மௌனமாக இருந்தது தாட்சாயணிக்காக. அதை உங்களுக்கு அளித்த மன்னிப்பாக எண்ணிக்கொண்டு, அதன் நிழலில் மூன்று ஆண்டு ஆறு பஸ்களை நிறுத்தினீர்கள். தாட்சாயணிக்கு அண்ணன் இல்லாமல் போகமாட்டான். அதை அவளுக்கே தனியாக எழுதியிருக்கிறேன். எனவே நீங்கள் ஒளிந்துகொள்ள இனி அவளும் இல்லை.

ஊர்வலத்துக்குப் போகாமல் விட்டுவிடுவேன் என்று எண்ணினால், அதுவும் பிழை. என் ஆத்திரத்தின் ஒரு பகுதி பொய்யான இடத்தில் நின்றது என்பதால் முழுவதும் பொய்யாகிவிடாது. எங்கள் ஊர்களை எவரும் கேட்கவில்லை என்பது இன்றும் உண்மை. கல் நட்டாகிவிட்டது என்பதால் அதை ஒப்புக்கொண்டேன் என்று எவரும் எண்ண வேண்டாம். ஏப்ரல் முதல் தேதி காலை அந்த வண்டியில் திருத்தணிக்குப் போகிறேன். வாழ்த்தவும் போகிறேன், கேட்கவும் போகிறேன்.

வண்டியைப் பற்றி என் உத்தரவு: கரும்பச்சை வேண்டாம். எந்த நிறமும் வேண்டாம். முழு வண்டிக்கும் ரெட் ஆக்ஸைடு பிரைமர் இரண்டு கை பூசி, அப்படியே தர வேண்டும். முதல் பூச்சு காய்ந்தபின் நன்றாகத் தேய்த்துவிட்டு இரண்டாவது. பூசும் நாள் எதுவென்று பஞ்சாங்கத்தைக் கேட்க வேண்டாம். வெயில் இருந்தால் போதும். பூசுமுன் தகட்டை வெறுங்கையால் எவரும் தொடக்கூடாது.

இடப்பக்கக் கதவில் எதுவும் எழுதப்போவதில்லை, இப்போதைக்கு. ரங்கையா எந்த நாளாவது வந்தால், அவர் தெலுங்கில் எழுத இடம் கேட்டிருந்தார். மேல்பாதி அவருக்கு. கீழ்ப்பாதியில் என் பழைய வரியைத் திரும்ப எழுதுவேன். அதுவரை அந்தக் கதவு சிவப்பாகவே ஓடும். யார் கேட்டாலும் காரணம் சொல்வேன், உங்கள் பெயரையும் என் பெயரையும் சேர்த்து.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ரங்கையாவுக்கு, குப்பம் விலாசத்துக்கு, உங்கள் கையால் ஒரு கடிதம். பேச்சுத் தமிழிலோ தெலுங்கிலோ, எப்படியும் எழுதுங்கள். 3-ஆம் தேதி எனக்கு எழுதியதில் பாதி நேர்மை இருந்தால் போதும். மன்னிப்புக் கேட்பதும் கேட்காததும் உங்கள் விருப்பம். ஆனால் "பூசியது நான்" என்ற இரண்டு சொல் அதில் இருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்த ரசீதும், எனக்கான உங்கள் எழுத்து மூலமான பதிலும் 31-3-1960 வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என் கைக்கு வந்து சேர வேண்டும். ஆளிடம் சொல்லியனுப்பும் செய்தி ஏற்கப்படாது. லட்டு ஏற்கப்படாது.

வந்தால், அடுத்த கவரின்மேல் எந்த முறை சொல்லி உங்களை அழைப்பது என்பதை அன்று மாலையே முடிவு செய்வேன். வராவிட்டால், ஐந்து மணி ஒரு நிமிடத்துக்குப் பிறகு நான் எழுதும் எந்தக் காகிதத்திலும் உங்கள் பெயருக்கு முன் எதுவும் இருக்காது.

வே. கோவர்த்தனன்