முன் இருக்கையில் அம்மா

அன்புள்ள பட்டாணிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீ நலமாக இருக்கவும், நாங்கள் நலம் என்று எழுதுவதை ஒரு தடவையாவது நம்பவும் ஆவல். போன வாரம் போனில், பாலம் சோதிக்கும் வேலைக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், மாதக் கடைசியில் கொடுத்துவிட்டு வீட்டுக்கே வந்துவிடப்போகிறேன் என்று சொன்னாய். அப்போது நான் பேச்சை மாற்றிவிட்டேன், அம்மா பக்கத்திலேயே நின்று என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகு சவாரி முடியட்டும், பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தேன். நேற்று முடிந்தது. இரண்டு பேரும் முழுதாகத் திரும்பி வந்துவிட்டோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ இந்தக் கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாய்.

எங்கள் கல்யாண நாளுக்கு நீ அங்கிருந்தே பதிவு செய்து அனுப்பிய கயாக் துடுப்புப் படகுச் சவாரி பற்றித் தெரிந்ததும் முதலில் கூப்பிட்டது உன் தாய்மாமாதான். மச்சான், குளியலறையில நின்ன தண்ணியிலயே வழுக்கி விழுந்த ஆளு நீங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வீரம் என்று கேட்டான். இது கடல் இல்லையடா, கடலிலிருந்து பிரிந்து உள்ளே வரும் உப்பங்கழி, அலை கிடையாது, இடுப்பளவு ஆழம், நீச்சல் தெரியாதவர்களும் வரலாம் என்று போட்டிருக்கிறது என்றேன். போட்டிருக்கிறவன் வருவானா மச்சான் என்றான். இதய டாக்டரோ, தாராளமா போயிட்டு வாங்க, மூச்சு வாங்கினா நிறுத்திக்குங்க என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். அம்மா அதே கேள்வியை மூன்று விதமாக மாற்றிக் கேட்டும் அவர் பதிலை மாற்றவில்லை. முப்பது வருடம் வார்டு நர்ஸாக இருந்தவளுக்கு டாக்டர்கள் மேல் இருக்கும் நம்பிக்கை உனக்குத் தெரியும்.

நீ அறியாதது ஒன்று உண்டு, மறைத்ததற்கு மன்னித்துவிடு. போன வருடம் எனக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து அம்மா பணிக்கு மறுபடியும் சேர்ந்துவிட்டாள். ஒரே ஒரு நோயாளி, இருபத்துநாலு மணி நேர வேலை, வார விடுப்பு கிடையாது. காலை நடையை விட்டாள், தோழிகளோடு போகும் பாட்டு வகுப்பை விட்டாள். நான் பேப்பர் படித்தால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் உதடு நீலம் பாய்கிறதா என்று பார்ப்பாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிப் பொத்தான் டப்பாவில் போட்டுவிட்டாள். நான் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று காய்கறி விலை பேசுவாள், நான் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கதவு திறக்கும். சோப்பு நுரையோடு வெண்டைக்காய் பற்றிக் கருத்துச் சொல்லியே ஒரு வருடம் ஓடிவிட்டது.

நேற்றுக் காலை கழிக்கரைக்குப் போனோம். தகரக் கொட்டகை, அதில் வரிசையாக மஞ்சள் படகுகள், ஈரம் காயாத லைஃப் ஜாக்கெட்டுகள். முதலில் ஒரு காகிதத்தில் கையெழுத்து கேட்டார்கள், என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல என்பதை ஒன்பது விதமாகச் சொல்லும் காகிதம். ஆயுள் முழுக்கக் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து அப்படிப்பட்ட காகிதங்களை எழுதியவன் நான், கையெழுத்துப் போடும் பக்கத்தில் நின்றது இதுவே முதல் தடவை. நல்ல வேலைப்பாடு, ஓர் ஓட்டையும் இல்லை. பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். எடை கேட்டாள். அம்மா ஓர் எண்ணைச் சொன்னாள், அது எங்கள் கல்யாணத்தின்போது இருந்த எண். கனமானவர் பின்னால், லேசானவர் முன்னால், முன்னால் இருப்பவர் போடும் வேகத்தைப் பார்த்துப் பின்னால் இருப்பவர் போட வேண்டும், திசை திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை என்று சொல்லிக்கொடுத்தாள். கரையில் நின்று காற்றில் துடுப்புப் போட்டுப் பழகினோம். காற்றில் நாங்கள் மிகவும் தேறிவிட்டோம்.

அந்தப் பெண் அடுத்த படகுக்காரர்களிடம் நகர்ந்த நேரத்தில் உன் அம்மா ஒரு காரியம் செய்தாள். அது மூடாத தட்டையான படகு, உட்காரும் இடத்தில் பள்ளமும் முதுகுக்கு ஒரு பட்டையும்தான். அந்தப் பட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பின்னால என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிய வேணாமா என்றாள். நியாயமாகத்தான் பட்டது. இருவரும் முழு முயற்சியோடு துடுப்புப் போட்டோம். நான் எனக்கு முன்னால் போட்டேன், அவள் அவளுக்கு முன்னால் போட்டாள். படகு கொஞ்ச நேரம் அசையாமல் யோசித்தது, பிறகு இருந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. உங்களுக்கு இழுக்கவே தெரியல என்றாள். நான்தான் இழுக்கிறேன், நீ தள்ளுகிறாய் என்றேன். வியர்த்ததும் அவள் துடுப்பை மடியில் வைத்துவிட்டு என் நாடியைப் பிடித்தாள். பக்கத்துப் படகில் இருந்த ஐந்து வயதுப் பெண் குழந்தை எங்களைத் தாண்டிப் போனது, டாட்டா காட்டியது.

பயிற்சிப் பெண் வேகமாக வந்தாள். ஆன்ட்டி, இது என்ன சாப்பாட்டு மேஜையா, எதிரெதிர உக்காந்திருக்கீங்க, திரும்புங்க என்றாள். இவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் இருக்கும்மா, முகத்தைப் பார்க்காம என்னால வர முடியாது என்றாள் அம்மா. அந்தப் பெண் சிரிக்கவில்லை, நான் அவளை மனதுக்குள் வாழ்த்தியது அதற்காகத்தான். ஆன்ட்டி, முகத்த பாத்துக்கிட்டா ரெண்டு பேரும் இங்கயேதான் இருப்பீங்க, அவர் துடுப்பு சத்தம் கேக்கும்ல, அது கேக்குற வரைக்கும் அவர் நல்லா இருக்கார்னு வெச்சுக்குங்க, திரும்பித் திரும்பிப் பாத்தா மட்டும் படகு ஆடும் என்றாள்.

அம்மா திரும்பி உட்கார்ந்தாள். முதல் பத்து நிமிடம் அவள் காது இரண்டும் பின்பக்கம் முளைத்ததைப் போல இருந்தது. நான் வேண்டுமென்றே சத்தமாகத் துடுப்புப் போட்டேன், அவள் சட்டை நனைந்தது. ரயில் பாலத்துக்கு அடியில் நிழலுக்குள் போனதும் துடுப்பை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள். பாலத்துல மூணு விரிசல் என்றாள். பிறகு, நம்ம பட்டாணி மாதிரி ஒருத்தி பார்த்துக்கிட்டுத்தான் இருப்பா, இல்லைன்னா ரயில் போகுமா என்றாள். அதைச் சொல்லிவிட்டு அவளாகவே வேகத்தைக் கூட்டினாள். அதன்பிறகு அரைமணி நேரம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நடுவில் பாடினாள் என்றும் நினைக்கிறேன், மெதுவாகத்தான். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் முதுகை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. என் மூச்சு சீராகத்தான் இருந்தது, கண்தான் கொஞ்சம் கலங்கியது. அதைப் பார்க்க யாரும் இல்லாதது வசதியாக இருந்தது.

இன்று காலை குளிக்கப் போனேன், தாழ்ப்பாள் கதவில் திரும்ப மாட்டப்பட்டிருந்தது, ஒரு திருகாணி குறைவாக. வெளியே யாரும் இல்லை. அம்மா நடக்கப் போயிருந்தாள்.

அதனால் சொல்கிறேன் பட்டாணி, பாலங்களைச் சோதிக்கும் பிரிவுக்குத் தலைவியாக ஆறு வருடம் காத்திருந்து இப்போதுதான் போயிருக்கிறாய். என் முகத்தைப் பார்ப்பதற்காக அதை விட்டுவிட்டு வராதே. நாமும் நின்ற இடத்திலேயே சுற்றுவோம். விடுமுறைக்கு வா, மூன்று பேர் படகும் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். உன் எடையை மட்டும் உண்மையாகச் சொல்.

நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் நீடூழி இரு. காலையில் சாப்பிடாமல் ஓடாதே. அந்த ராஜினாமாக் கடிதத்தை இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கிழித்துவிட்டு எனக்கு எழுது. திரும்பிப் பார்க்காமல் உன் துடுப்பைப் போடு. துடுப்புச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

இப்படிக்கு,
பின் இருக்கையிலிருந்து,
அப்பா