பெரிய வியாழனுக்கு ஒரு கால்

2023 பெப்ரவரி 19, ஞாயிறு. மாம்புரி.

காலைப் பூசை முடிந்து குடையை விரிக்கும் வேளையில் றொபின்சன் சுவாமி பின்னால் ஓடிவந்து மறித்தார். குருவானவர் ஒருவர் ஓடி வருவதை நான் இதற்கு முன் கண்டதில்லை. அங்கி காலில் தடக்கியது.

"ரீச்சர், பெரிய வியாழன் பாதம் கழுவுற பன்னிரண்டு பேரில இந்த முறை பொம்பிளையளையும் இருத்தப்போறன். முதல் கதிரை உங்களுக்கு. ஓமோ?"

ஓம் என்றேன். ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை.

யாழ்ப்பாணக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கிடுகுக் கொட்டிலில் பூசை கண்ட காலந்தொட்டு, கர்த்தர் சீடர்களின் பாதம் கழுவிய நினைவாக வைக்கும் அந்தப் பன்னிரண்டு கதிரைகளும் ஆண்களுக்கே உரியன. அறுபத்தெட்டு வயதில் எனக்கு ஒரு கதிரை. வீடு வரையும் மணல் ஒழுங்கையில் நான் நடந்ததாக நினைவில்லை, மிதந்திருக்க வேண்டும்.

குடையை மடிக்கும்போதுதான் நினைவு வந்தது. கால்.

பெப்ரவரி 20, திங்கள்.

அலுமாரிக் கண்ணாடியின் முன் கதிரையைப் போட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்திப் பார்த்தேன். கரும்பலகை முன் நின்று தமிழ் படிப்பித்த ஆண்டுகள் அத்தனையும் அங்கே எழுதியிருந்தன. கணுக்காலைச் சுற்றி ஊதாவும் சிவப்புமாய் நூல் நூலாக நரம்புகள். ஒரு சிலந்தி நிதானமாக இருந்து பின்னிய வேலை. வலியில்லை, உபத்திரவமில்லை. இதுவரை ஒருவரும் காணவுமில்லை.

பழம்புலவர் பெண்ணின் அடியை மலர் என்றார்கள், தளிர் என்றார்கள். பாதாதிகேசம் பாட அடியிலிருந்து தொடங்க வேண்டும். என்னைப் பாட வருகிறவர் கணுக்காலோடு ஏட்டைக் கட்டிவிடுவார். ஆகையால் நானே பாடினேன்:

ஊதா நிறச்சிலந்தி ஊர்ந்தகால் மூடிடவே
போதாதோ நீண்ட உடை.

தளை தட்டவில்லை. சேலைதான் போதாது, சுவாமி முன்னால் உயர்த்தத்தான் வேண்டும். ஊர் முழுதும் பார்த்திருக்கும்.

பெப்ரவரி 22, விபூதிப் புதன்.

மண்ணிலிருந்து வந்தாய் என்று நெற்றியில் சாம்பல் பூசிய அதே நாளில், பகல் முழுதும் கணுக்காலையே எண்ணிக்கொண்டிருந்தேன். கர்த்தர் சிரித்திருப்பார். சிரிக்கட்டும்.

பெப்ரவரி 24, வெள்ளி.

பைப்படியில் கால் கழுவும்போது பக்கத்து வீட்டு ஸுலைஹா வேலிக்கு மேலால் கண்டுவிட்டாள். தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து அவளும், பின்னொரு நாளில் வடக்கிலிருந்து நானும் உடுத்த துணியோடு வந்து இந்த மணலில் அயலவர் ஆனோம். என்னிடம் அவளுக்கு அச்சம் என்பது அறவே இல்லை.

"என்ன ரீச்சர், கால்ல உலகப் படம் கீறி வச்சிருக்கீங்க? ஆறெல்லாம் சரியா ஓடுது."

கதையைச் சொன்னேன். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "என்ட தங்கச்சிட மக ஃபாஹிமாக்கு இதே மாதிரி. நீர்கொழும்பில ஊசி போட்டாங்க. இப்ப மெழுகு மாதிரிக் கால். நான் கூட்டிப் போறேன்," என்றாள்.

காலுக்கு ஊசியா? அதுவும் தவக்காலத்தில்? அழகுக்காகவா?

ஓம் என்று சொல்லிவிட்டேன். இந்த மாதம் என் வாய்க்கு வேறு சொல் தெரியவில்லை.

பெப்ரவரி 26, ஞாயிறு.

கோயில் காரியம் எல்லாம் மூப்பர் அருளப்புவின் கையில். எண்பதை நெருங்கியவர், முதல் கதிரையை என்னிடம் இழந்து இரண்டாவதுக்கு நகர்ந்தவர். மெல்ல விசாரித்தேன்.

"மூப்பர், எந்தக் காலைக் கழுவுறது?"

"வலது. எப்பவும் வலது."

"ஏன் வலது?"

"என்ட அப்பு வலதைத்தான் நீட்டினவர்."

"ரெண்டையும் கழுவினால் என்ன?"

"தண்ணி காணாது, ரீச்சர்."

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு புத்திமதியும் சொன்னார். "வீட்டிலயே வலதை நல்லாத் தேய்ச்சு, நகம் வெட்டி, பவுடரும் போட்டுக்கொண்டு வரவேணும். சுவாமிக்கு ஊத்தை காட்டக்கூடாது. நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான்."

ஆக, கழுவிய காலைக் கழுவுகிறார்கள். அதுவும் ஒரு காலை. எனக்கு இது நற்செய்தியாகவே பட்டது. ஒரு கால் திருந்தினால் போதும்.

மார்ச் 4, சனி.

போய் வந்தோம். எழுதுகிற கை இன்னும் துள்ளுகிறது.

பாலாவிச் சந்தியில் சீமெந்து லொறிகளின் புழுதியைக் குடித்து, நீர்கொழும்பு பஸ் ஏறி, ஜன்னலோரத்துக்கு இருவரும் சண்டை பிடித்தோம். ஸுலைஹா வென்றாள். டொக்டர் ஓர் இளம் சிங்களப் பெண். அழகாகத் தமிழ் பேசினார். என்ன கஷ்டம் என்று கேட்டார். பெரிய வியாழன், பன்னிரண்டு கதிரை, சுவாமி எல்லாம் நாவின் நுனி வரை வந்தன. வெட்கம் வந்து, "கால் உளைவு," என்றேன். ஸுலைஹா கூரையைப் பார்த்தாள்.

ஒரு நேரத்தில் ஒரு கால்தான் செய்வாராம். வலது என்றேன், கேட்கும் முன்னமே. ஊசி மயிரிழை போல் மெல்லியது. மருந்து உள்ளே போனதும் அந்த நரம்பின் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும், இரத்தம் வேறு வழி பார்த்துப் போகும் என்று விளக்கினார். எறும்பு கடிப்பது போல் ஒரு சுள், பின்னர் சிறிது எரிவு. சிவப்பு நூல்கள் என் கண்முன்னே வெளிறி மறைந்தன. மறுகணம் அந்த இடங்கள் நுளம்பு கடித்ததுபோல் தடித்தன. செங்கடல் பிளந்ததைக் கண்டவர்கள் இப்படித்தான் வாய் திறந்து நின்றிருப்பார்கள்.

பஞ்சு வைத்துக் கட்டிய பின் டொக்டர் சொன்னார்: "கொஞ்சம் கறுப்பு வரும் அம்மா, பிறகு மெதுவாப் போகும். அவசரம் ஒண்டும் இல்லையே?"

"இல்லை," என்றேன்.

உடனே நன்றாக நடக்க வேண்டுமாம். கடற்கரை வீதியில் கைகோத்து நடந்தோம். "மெதுவா, ரீச்சர். ஓடினா ஆரோ துரத்துறாங்க எண்டு நினைப்பாங்க," என்றாள் ஸுலைஹா. துரத்த ஆள் வந்தால் நல்லதுதானே என்றேன். இந்த வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் நடுவீதியில் குந்தி இருந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல்.

மார்ச் 7, செவ்வாய்.

நரம்பை அமுக்கிப் பிடிக்கும் இறுக்கமான நீள மேஸ் ஒன்றை வலது காலில் போட வேண்டும். இந்த வெய்யிலில். அதைப் போட்டுவிட என் தம்பி மகள் நிசாந்தி ஒரு பக்கம், ஸுலைஹா மறு பக்கம்.

"மாமி, காலை நீட்டி வையுங்கோ. உதைக்காதேங்கோ."

"உதைக்கேல்ல பிள்ளை, கூசுது."

வளர்ந்த மனுஷிகள் மூவர் ஒரு காலுறையோடு மல்லுக்கட்டி, கடைசியில் மூவரும் கட்டிலில் சரிந்தோம்.

மார்ச் 18, சனி.

மேஸைக் கழற்றும் நாள். நிசாந்தியிடம் திரையை விலக்கி வெளிச்சம் விடச் சொன்னேன். புதுக் காலைக் கண்டு நன்றி சொல்ல ஒரு செபமும் நாவில் ஆயத்தமாக இருந்தது.

ஐயோ. இது என்ட காலே?

கத்தரிக்காயைச் சுட்டு உரிச்ச மாதிரிக் கிடக்கு. மண்ணிறக் கோடு கோடா, இடைக்கிடை மஞ்சளும் பச்சையும். முந்தி நூல், இப்ப கயிறு. நிசாந்தி போன் எடுத்துக் கேட்டாள். டொக்டர் ஒரு குறையும் இல்லை என்கிறாராம். இரண்டு மூன்று மாதத்தில் போய்விடுமாம், அம்மா அவசரம் இல்லை என்று சொன்னாவே என்கிறாராம்.

சொன்னனான்தான். என்ட வாய்தான் சொன்னது.

மார்ச் 25, சனி.

ஸுலைஹாவுக்கு நேற்று நோன்பு தொடங்கியது. அவளுக்குப் பகலில் தண்ணீர் இல்லை, எனக்கு இத்தவக்காலத்தில் சீனி இல்லை. வேலியின் இரு பக்கமும் வாடிய முகங்கள். ஆனாலும் என் காலைக் கண்டால் அவளுக்குத் தெம்பு வந்துவிடுகிறது.

"ஆறெல்லாம் வத்தி இப்ப றோட்டுப் போட்டிருக்கு, ரீச்சர்."

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் தீர்மானித்தேன். கதிரை வேண்டாம். உடம்புக்கு வருத்தம் என்று சொல்லி விலகிவிட வேண்டும்.

மார்ச் 28, செவ்வாய்.

விலகுவதாகச் சொல்லத்தான் போனேன். வாய் திறக்கும் முன் சுவாமி கதைக்கத் தொடங்கினார். இராசமணியும் சுஜீவாவும் கதிரைக்கு இசைந்துவிட்டார்களாம். "முதல் மாட்டம் எண்டு நிண்டவை. ரீச்சர் முன்னுக்கு இருக்கிறா எண்டு சொன்னாப்பிறகுதான் ஓம் எண்டவை. நீங்கள் இல்லாட்டி அவை வீட்டை விட்டே வெளிக்கிடாயினம்."

"நல்லது சுவாமி," என்று சொல்லித் திரும்பி வந்தேன்.

இனி ஒளிக்க வழியில்லை. நான் எழும்பினால் அவர்களும் எழும்புவார்கள். அடுத்த முறை பெண்களை யார் கேட்பார்?

ஏப்ரல் 5, புதன்.

வலது: தார் றோட்டு. இடது: சிலந்தி வலை. ஆண்டவரே, மூன்றாவது கால் ஒன்று தந்திருக்கக் கூடாதா.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்; நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

பீடத்தின் முன் பன்னிரண்டு கதிரைகள். நான், அருளப்பு, இராசமணி, சுஜீவா, பின்னர் மற்றவர்கள், கடைசியில் தோணிக்காரர் நிக்கொலஸ் அண்ணை. எல்லோரும் வலது செருப்பைக் கழற்றி ஆயத்தமாக இருந்தோம். வரிசை முழுதும் பவுடர் மணம்.

சுவாமி இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு என் முன் முழந்தாளிட்டார். சேலையை உயர்த்தினேன். அந்த மண்ணிறக் கோடுகளை அண்மையில் கண்டதும், தன் கால்களைக் கழுவ விடேன் என்று மறுத்த அந்த மூத்த சீடரின் நினைவு வந்தது. அவர் அழுக்கைக் காட்ட வெட்கப்பட்டார் போலும். நானோ இல்லாத ஒரு காலைக் காட்டப் புறப்பட்டு, அதுவும் கிடையாமல் இருக்கிறேன். கீழிருந்து ஒரு சிரிப்பு ஏறியது. பெரிய வியாழனில், ஊர் முழுதும் பார்த்திருக்க, அதை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வலது காலைச் செருப்புக்குள் திரும்ப நுழைத்தேன். இடது செருப்பைக் கழற்றி, ஒருவரும் தொடாத, ஊசி படாத, சிலந்தி பின்னியபடியே இருந்த காலை நீட்டினேன்.

சுவாமி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தண்ணீரை வார்த்தார். அது குளிர்ந்தது என்பது தவிர வேறு ஒன்றும் எனக்கு நினைவில்லை.

பக்கத்தில் அருளப்பு தவித்தார். அப்புவின் வலதா, முதல் கதிரையின் இடதா? புதுச் சட்டம் ஏதும் வந்து தனக்குத்தான் தெரியாமல் போயிற்றோ என்று பயந்திருக்க வேண்டும். அவசரமாக வலதை உள்ளே இழுத்து இடதை நீட்டினார். இராசமணி அவரைப் பார்த்து இடது. சுஜீவா இடது. வரிசை முழுதும் செருப்புகள் மாறும் சத்தம் தொடர்ந்தது.

ஆனால் ஒருவரும் இடதைத் தேய்த்து வந்திருக்கவில்லை. வெட்டாத நகம், வெடித்த குதி, மிளகாய்த் தோட்டத்து மண். நிக்கொலஸ் அண்ணையின் விரலிடுக்கில் தோணிக்குப் பூசிய தார் அப்படியே இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். சுவாமி ஒவ்வொரு காலையும் கையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சட்டித் தண்ணீர் கறுத்தது. பாதியில் மாற்றுத் தண்ணீர் கொண்டுவர அருளப்பு வெறுங்காலோடு ஓடினார்.

பூசை முடிந்து சுவாமி என்னருகே வந்தார். துவாயும் கறுத்திருந்தது.

"ரீச்சர், நான் குருவாகி ஏழு வருஷம். இண்டைக்குத்தான் கால் கழுவினனான்."

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு.

வட்டிலாப்பம் கொடுத்தனுப்பியிருக்கிறாள் ஸுலைஹா, தான் பகல் பட்டினியாய் இருந்துகொண்டு. இரு கையாலும் சீனி தின்றேன்.

ஜூன் 10, சனி.

வலது கால் தெளிந்துவிட்டது. டொக்டர் பொய் சொல்லவில்லை. மெழுகு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வெண்பாவுக்குத் தாங்கும். காலையில் கண்ணாடி முன் அதைச் சற்றே நீட்டிப் பார்க்கிறேன். இதில் பாவம் இருந்தால் சிறியதாகத்தான் இருக்கும்.

இடது காலுக்கு ஊசி போட வரும் வாரம் வரச் சொல்லியிருந்தார்கள். வரவில்லை என்று நிசாந்தியைக் கொண்டு அறிவித்தேன்.

"ஏன் மாமி, அரைகுறையா விடுறீங்கள்?"

"அது கோயிலுக்குப் போன கால் பிள்ளை. அப்பிடியே இருக்கட்டும்."

2024 மார்ச் 28, பெரிய வியாழன்.

இம்முறை பன்னிருவரில் ஐவர் பெண்கள். நான் ஆறாம் வரிசை வாங்கில் அமர்ந்து பார்த்தேன்.

பூசைக்கு முன் அருளப்பு புதியவர்களை வரிசையில் இருத்திச் சொல்லிக்கொடுத்தார். "இடது. எப்பவும் இடது." ஒருத்தி ஏன் என்று கேட்டாள். "ரீச்சர் இடதைத்தான் நீட்டினவ."

பன்னிரண்டு இடது கால்கள் நீண்டன. தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் மணக்க. நிக்கொலஸ் அண்ணையின் இடது குதி சிப்பி போல் மின்னியது. சட்டித் தண்ணீர் கடைசி வரை தெளிவாகவே இருந்தது. சுவாமி வரிசை முடிவில் நிமிர்ந்து வாங்குகளிடையே என்னைத் தேடினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தோள்கள் குலுங்கியதை அவர் செபம் என்று எடுத்துக்கொண்டிருப்பாரோ தெரியாது.

வீட்டுக்கு வர, ஸுலைஹா எனக்கென நோன்புக் கஞ்சியை மூடிவைத்துக்கொண்டு வேலியடியில் நின்றாள். எல்லாம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப அடுத்த வருஷம் ரெண்டையும் நீட்டச் சொல்லுங்க, ரீச்சர்."

"தண்ணி காணாது," என்றேன்.